கட்டிலை விட்டு எழுப்புங்கள்!

(விருத்தாசலத்தில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: உயிருக்குப் போராடும் நோயாளியை மீட்டுத் தருவதில் பெரிதும் துணை நிற்பது ஓய்வே! இயக்கமே! ‘இயக்கமே’ அணியில் இரண்டாவதாகப் பேசிய தமிழ்ப் பேராசிரியரின் உரை.)

மாண்புமிகு நடுவர் அவர்களே! ‘ஓய்வே’ என்று பேச வந்துவிட்டு, வந்த நேரத்திலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) எங்கள் அணித் தலைவர் அவர்களே! கோயில் வீதிகளிலிருந்தும் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து பனியில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே!

இந்த ஊருக்கு வந்து, இந்த ஊர் அம்மனைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் நடுவர் விட்டாலும் நீங்கள் விடமாட்டீர்கள். அம்மன் பெயர் விருத்தாம்பிகை. விருத்தம் என்றால் முதுமை. குரு நமசிவாயர் என்று ஓர் அடியவர். சிதம்பரம் போகிற வழியில் இங்கே தங்கினார். நல்ல பசி. அம்மனைக் கிழவி என்று அழைத்துச் சோறு கேட்டுப் பாடினாராம். அவள் கிழவியாகவே வந்து நின்று, “ஏம்ப்பா, என்னைக் கிழவின்னு பாடிட்டியே, கிழவி எப்படி நடந்து வந்து உனக்குச் சோறு போடுவா?” என்று கேட்டாளாம். அவர் உடனே இளையவளாக வைத்துப் பாட, அவளும் இளம்பெண்ணாக வந்து அமுது படைத்தாள் என்பது கதை. இன்றைக்கும் பாலாம்பிகைக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. நான் கேட்பது இதுதான். அந்த அம்மன், “எனக்கு வயசாச்சு, ரெஸ்ட் எடுக்கறேன்”னு சொன்னாளா? “நான் நடக்கறதுக்கு ஒரு வழி பண்ணு”ன்னுதானே சொன்னாள்? (கைதட்டல்)

எதிரணித் தலைவி அம்மையார் இந்த ஊர்த் தொழிலை எடுத்துக்காட்டிப் பேசினார்கள். வார்த்தெடுத்த பச்சைப் பாண்டத்தைத் தொடக்கூடாது, எரிகிற சூளையைத் திறக்கக்கூடாது, அதுபோலத்தான் ஐ.சி.யூ.வில் இருக்கிற நோயாளியும் என்றார்கள். கைதட்டல் வாங்கிவிட்டார்கள். அம்மா, என் சொந்த அண்ணன் இந்தத் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் சிலிப் ஊற்றியவர். நெய்வேலி வெள்ளைக் களிமண் என் வீட்டுத் திண்ணையில் படிந்து கிடந்த காலம் உண்டு. அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

சூளை எரியும்போது திறக்கக்கூடாது. ஒப்புக்கொள்கிறேன். அதே அண்ணனைக் கேளுங்கள், காயப்போட்ட பாண்டத்தை ஒரே பக்கமாக விட்டுவைத்தால் என்ன ஆகும்? கோணிக்கொள்ளும், விரிசல் விடும். திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். அதற்கும் முன்னால், தொட்டியில் இருக்கிற சிலிப் இருக்கிறதே, களிமண் கரைசல், அதைக் கலக்காமல் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டு வந்து பாருங்கள். மேலே தண்ணீர் நிற்கும், அடியில் மண் கெட்டியாகப் படிந்து கிடக்கும். அதனால்தான் தொட்டியில் கலக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. மனுஷ உடம்பும் அப்படித்தான் ஐயா. படுக்கப்போட்டால் சளி நுரையீரலின் அடிப்பக்கம் தேங்குகிறது. காலில் ரத்தம் தேங்கி உறைகிறது. முதுகில் அழுத்துகிற இடத்தில் தோல் செத்துப் புண்ணாகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் தசைக்கு.

எவ்வளவு நஷ்டம்? லண்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 63 நோயாளிகளின் தொடைத் தசையை அளந்து பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். பத்தே நாளில் தசையின் குறுக்களவு ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்துபோயிருந்தது. நூறு ரூபாயில் பதினெட்டு ரூபாய் பத்து நாளில் காணாமல் போனால் நாம் போலீசுக்குப் போவோம். தொடை காணாமல் போனால், “பாவம், நல்லாத் தூங்கறாரு, யாரும் எழுப்பாதீங்க” என்கிறோம். (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

1998இல் என் அம்மாவுக்கு நிமோனியா. அப்போது அவர்களுக்கு அறுபத்து நான்கு வயது. மருத்துவமனையில் பத்தொன்பது நாள். மருந்து வேலை செய்தது, காய்ச்சல் இறங்கியது. நர்ஸம்மா வந்து, “பெரியம்மாவைக் கொஞ்சம் கட்டில் ஓரமா உக்கார வைக்கலாமா?” என்று கேட்டார். நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேர், கோட்டைச் சுவர் மாதிரி நின்றோம். “வேணாம்மா, தலை சுத்தும், விழுந்துருவாங்க.” மறுநாளும் அதே பதில். அவர் பிறகு கேட்கவில்லை. அம்மாவை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆட்டோவிலிருந்து தூக்கித்தான் இறக்கினோம். அதற்குப் பிறகு அம்மா தன் காலில் நடந்து அடுப்படிக்குப் போகவே இல்லை. முதுகில் புண். இரண்டு வருஷம் அந்தக் கட்டிலிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார்கள். நோய் அம்மாவைக் கொல்லவில்லை. எங்கள் அன்புதான் அவர்களைக் கட்டிலோடு கட்டிப்போட்டது. இதை மேடையில் சொல்வதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

(நடுவர்: “பேராசிரியர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம்.”)

நன்றி ஐயா. சரி, இந்தப் படுக்கையின் ஆபத்து மருத்துவ உலகத்துக்குத் தெரியாதா என்றால், ரொம்ப நாளாகவே தெரியும். 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், படுக்கைக்குப் போவதில் இருக்கும் ஆபத்துகள் என்றே தலைப்பு வைத்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிவிட்டார். மாரடைப்பு வந்தால் வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், 1952இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லெவின், லவுன் என்ற இரண்டு மருத்துவர்கள் 81 மாரடைப்பு நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அதே 1952இல் இன்னொன்று நடந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ. மூச்சு நின்றுபோகிற குழந்தைகள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் தொண்டையில் குழாய் வைத்து, ஒரு பையை அழுத்தி அழுத்திக் காற்று கொடுக்கச் சொன்னார். அழுத்தியது யார்? மெஷினா? மருத்துவக் கல்லூரி மாணவர்கள். ஒருவர் மாற்றி ஒருவராக, இரவு பகலாக, வாரக்கணக்கில், கையால். அதிலிருந்துதான் ஐ.சி.யூ. என்ற ஒன்றே பிறந்தது. அங்கே முதலில் இருந்தது மனுஷன் கை. அப்புறம்தான் மெஷின்கள் வந்தன. வந்தவுடன் நாம் என்ன செய்தோம்? மெஷினோடு நோயாளி சண்டை போடாமல் இருக்க, ஆழமாக மயக்க மருந்து கொடுத்துப் படுக்கப்போட்டோம். உயிர் பிழைத்தார்கள். ஆனால் எழுந்து நிற்க முடியாமல், பேரன் பெயர் நினைவுக்கு வராமல் வீட்டுக்கு வந்தார்கள்.

இதை மாற்ற முடியுமா என்று அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளில் சோதித்து, 2009இல் வெளியிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்த 104 பேர். எல்லாருக்கும் தினமும் மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். அதில் ஒரு பாதிப் பேருக்கு, குழாய் போட்ட ஒன்றரை நாளிலேயே பிசியோதெரபி தொடங்கிவிட்டது. மறு பாதிக்கு வழக்கம்போல, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து. மருத்துவமனையை விட்டுப் போகும்போது, தானே குளித்து, உடுத்தி, சாப்பிட்டு, நடந்து போகிற நிலைமையில் இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 59 சதவீதம். மறு கூட்டத்தில் 35 சதவீதம். புத்தி தடுமாறிக் கிடந்த நாட்களும் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தன.

உடனே அம்மையார் ஒரு தாளை எடுத்து ஆட்டினார்கள். 2022இல் வந்த ஆய்வு, 750 பேர், அதிகமாக எழுப்பி நடக்கவைத்தும் பலன் கூடவில்லை, தொல்லைதான் கூடியது என்றார்கள். கூட்டம் ‘ஓகோ’ என்றது. அம்மா, தாளின் அடுத்த பக்கத்தையும் படித்திருக்கலாம். (சிரிப்பு) அந்த ஆய்வில் இரண்டு கூட்டத்தாருக்குமே பயிற்சி உண்டு. ஒரு கூட்டத்துக்கு நாளைக்கு ஏறத்தாழ 9 நிமிடம், இன்னொரு கூட்டத்துக்கு 21 நிமிடம். யாரையும் சும்மா படுக்கப்போடவில்லை. ‘அசைக்கலாமா, கூடாதா’ என்பதல்ல அங்கே கேள்வி. ‘இன்னும் எவ்வளவு கூட்டலாம்’ என்பதுதான். கூட்டியதில் தனிப் பலன் இல்லை, ரத்த அழுத்தம் இறங்குவது போன்ற தொல்லைகள் 100 பேரில் 4 பேருக்கு வந்த இடத்தில் 9 பேருக்கு வந்தன. அதை நான் மறைக்கவில்லை. உப்பு கூடினால் குழம்பு கெடும் என்பதற்காக, உப்பே இல்லாத குழம்பை நீங்கள் பரிமாறுகிறீர்கள். (கைதட்டல்)

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்றார் எதிரணியின் இளைய பேச்சாளர். தம்பி, வேலூருக்குப் போங்கள். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர். 1954இல் கார் விபத்து, முதுகெலும்பு அடிபட்டு இரண்டு காலும் போனது. அவர் படுத்துக்கிடந்தாரா? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு சிகிச்சைக்கென்றே ஒரு நிலையம் அவரால் உண்டானது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். நம் எல்லார் வீட்டிலும் பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். 2020 ஆகஸ்ட் 5இல் கொரோனாவோடு சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் சேர்ந்தார். வென்டிலேட்டர், அதற்கு மேல் எக்மோ கருவி. ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்புகிற கருவி அது. அதைவிடப் பெரிய கருவி அங்கே கிடையாது. அந்த நிலையில் இருக்கிறவரை என்ன செய்தார்கள் தெரியுமா? செப்டம்பரில் அவர் மகன் சரண் வெளியிட்ட காணொளிகளை நினைவுபடுத்திப் பாருங்கள். பிசியோதெரபி நடக்கிறது, மருத்துவர்கள் அப்பாவைப் பதினைந்து இருபது நிமிடம் உட்கார வைக்கிறார்கள் என்றார். அவர் ஐபேடில் கிரிக்கெட்டும் டென்னிஸும் பார்க்கிறார் என்றார். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

செப்டம்பர் 25இல் அவர் மறைந்தார். “அப்புறம் என்ன பலன்?” என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். பிசியோதெரபி சாவை ஜெயிக்கும் என்று இந்த அணி சொல்லவே இல்லை. கடைசி வாரங்களில் அந்த மனிதர் வெறும் உடம்பாகக் கிடக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார், ஆட்டம் பார்த்தார், பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டார். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு விலை சொல்ல என்னால் முடியாது.

இனி என் அண்ணன் கதை. 2023 ஐப்பசி, அடைமழை. சளி என்று படுத்தவர் மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தார். புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வென்டிலேட்டர். முதல் நாள் ரத்த அழுத்தம் நிற்கவே இல்லை. அன்றைக்கு யாரும் அவரை எழுப்பவில்லை. அதுதான் நான் ஒப்புக்கொண்ட எரிகிற சூளை. மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் போய் நிற்கிறேன், ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், அண்ணன் முழங்காலைப் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்ததே கோபம்!

“ஏம்மா, மனுஷன் உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்காரு, நீ டிரில் மாஸ்டர் வேலை பாக்கறியே?”

அந்தப் பெண் நிதானமாக, “சார், நீங்க டாக்டரா?” என்றது.

“ஆமா, டாக்டர்தான்!”

“எந்த டிபார்ட்மெண்ட் சார்?”

“தமிழ்.” (நீண்ட சிரிப்பு)

அது சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. “வாங்க சார், பக்கத்துல வந்து பாருங்க” என்று கூப்பிட்டது. மானிட்டரைக் காட்டியது. நாடித் துடிப்பு இது, ஆக்சிஜன் இது, ரத்த அழுத்தம் இது. இது இவ்வளவுக்கு மேலே போனாலோ கீழே இறங்கினாலோ அந்த நிமிஷமே நிறுத்திவிடுவேன், டாக்டர் அனுமதித்த பிறகுதான் தொட்டேன் என்றது. பிறகு, “அண்ணன் என்ன வேலை சார் பார்த்தாங்க?” என்று கேட்டது. சொன்னேன். பிளாஸ்டர் அச்சில் சிலிப் ஊற்றி, பக்கம் பிடிக்கும்வரை காத்திருந்து, மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றுகிற வேலை. “எப்படிக் கவுப்பாங்க, காட்டுங்க” என்றது. நான் காட்டினேன், தப்பாக. தமிழ்ப் பேராசிரியர் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? (சிரிப்பு) அரைக் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், வாயில் குழாய், பேச முடியாது, வலது கையை மெத்தையிலிருந்து அரை அடி தூக்கி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். அவர் பிழைத்துவிடுவார் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அதற்கு நாலு பேர். வாயில் இருக்கிற குழாய் நகராமல் பிடிக்க ஒருவர், சொட்டு மருந்துக் குழாய்களை ஒதுக்க ஒருவர், முதுகுக்கு ஒருவர், முன்னால் அந்தப் பெண். மூன்று நிமிடம். வியர்த்துக் கொட்டியது. திரும்பப் படுக்க வைத்தார்கள். ஆறாம் நாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பதாம் நாள் குழாய் எடுத்தார்கள். முதல் வார்த்தை என்ன தெரியுமா? என்னைப் பார்த்து, “அப்படிடா கவுக்கறது?” (கைதட்டல், சிரிப்பு)

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் நாலு பேரை நிறுத்துகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிக்கிறவர். இருபத்தைந்து வருஷம் வகுப்பில் நடத்தினேன். அந்த நாலாவது ஆள், கஞ்சி வைத்துக் கொடுக்கிற ஆள் என்றே சொல்லிக்கொடுத்தேன். அந்த நாலாவது ஆளை நான் புதுச்சேரியில்தான் பார்த்தேன். அதைப் பார்த்துக் கத்தினேன்.

அந்தப் பெண் எங்களுக்கும் வேலை வைத்தது. அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னது. அதுவரை ஏழு நாள் கண்ணாடி என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. காலையில் வந்ததும் இன்றைக்கு என்ன கிழமை, வெளியே மழையா வெயிலா என்று அவரிடம் சொல்லச் சொன்னது. இதற்கு முன் எவ்வளவு தூரம் நடப்பார், மாடி ஏறுவாரா என்று அண்ணியிடம் கேட்டு எழுதிக்கொண்டது. “ஆனா நாங்க இல்லாதப்ப நீங்களா தூக்காதீங்க” என்று கண்டிப்பும் சொன்னது. இதைத் தாய்மார்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கு ஆஸ்பத்திரியில் போய் மாமியாரைப் பிடித்து இழுக்காதீர்கள். (சிரிப்பு) இழுக்க வேண்டாம். “டாக்டர், எங்க அத்தையை எப்ப உக்கார வைக்கலாம்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை 1998இல் எங்களில் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் கால் நடுக்கம் இருந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார்களே, அப்படி வந்து தெருவில் நடக்கவைத்தார்கள். முதல் நாள் எங்கள் வாசலிலிருந்து எதிர் வீட்டு வாசல் வரை. பொங்கல் கழிந்து கோயில் வரை.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

ஐயா, அரை நிமிடம். எதிரணி நண்பர்கள் ஆதாரம் கேட்டார்கள். ஆதாரத்தையே கூட்டி வந்திருக்கிறேன். என் அண்ணன் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. கேமரா தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க... அண்ணே! அண்ணே?

எங்கம்மா அண்ணன்?

(கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்: “டீ குடிக்க நடந்து போயிருக்காரு!” நீண்ட சிரிப்பு, கைதட்டல்)

நான் அமர்கிறேன் ஐயா. வணக்கம்.